பார்க்காமல் கொடுத்த கன்று

முத்திருளனை நம்பிப் பாலை ஸ்டவ்வில் வைத்துவிட்டுப் போனால் பொங்கிவிடும். அவன் எங்கேயும் போயிருக்க மாட்டான், ஸ்டவ்வின் முன்னால்தான் குந்தியிருப்பான். பால் விளிம்புக்கு ஏறுவதும், நுரை சட்டிக்கு மேல் ஒரு கணம் குடைபோல் நிற்பதும், பிறகு சரிந்து நெருப்பை அணைப்பதும் அவன் கண்ணெதிரேதான் நடக்கும்.

"ஏய்யா, பொங்குறது தெரியுதுல்ல? எறக்கக் கூடாதா?" என்பாள் அவன் மனைவி ரெங்கம்மாள்.

"எறக்கத்தான் நெனச்சேன். அந்த நுரை நின்ன அழகுல கை போகல."

இப்படிப்பட்டவனைத் திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். ரெங்கம்மாளுக்கு அது நிறைய இருந்தது. ஆனாலும் கல்யாணமாகிச் சில வருடங்களுக்குப் பிறகு பாலை அவனிடம் விட்டுப் போவதை நிறுத்திவிட்டாள். பால் மட்டுமா? காயப்போட்ட வடகம், கொதிக்கிற சோறு, வாசலில் விளையாடும் மகள், எதையுமே அவன் பொறுப்பில் விடுவதில்லை. அவனுக்கு அது வலித்ததா என்றால், வலித்தது. ஆனால் வெளியே சொல்லிக்கொள்ளும்படியான வலி அல்ல.

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் அவன் லேத் ஓட்டினான். கெட்டிக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அது மிகைதான். இரும்புத் தண்டு சுழலும்போது அதன் மேல் ஓடாமல் அசையாமல் நிற்கிற வெளிச்சக்கோடு ஒன்று உண்டு. எல்லாம் சுற்றும், அது மட்டும் நிற்கும். அதைப் பார்த்தபடி அவன் நின்றுவிடுவான்.

"மாப்ள, எங்க இருக்க? திருநகர் தாண்டிட்டியா?" என்று அடுத்த மிஷினில் இருந்து மொக்கையன் கத்துவான். திருமங்கலத்துக்காரன், வாய் ஓயாதவன்.

"இங்கதாண்டா."

"இங்கன இருந்தா வெட்டுற பைட்ட எடு. தண்டு அம்புட்டும் தேஞ்சு குச்சியாகப் போவுது."

உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் அவன். மதுரைக்கு வந்து, வாடகை கட்டுப்படியாகிற இடம் தேடி, காமராசர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வளவு ஒன்றில் குடியேறினான். ஒற்றை வாசல். உள்ளே நீண்ட முற்றம். இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சின்னச் சின்ன வீடுகள். நடுவில் அடிபம்பு. அவன் வீட்டைத் தவிர மற்றவை எல்லாம் சௌராஷ்டிரக் குடும்பங்கள். சாயங்காலம் முற்றத்தில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அவனுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. புரிந்துகொள்ள அவன் முயன்றதும் இல்லை. அர்த்தம் இல்லாமல் கேட்கும்போது பேச்சு, கல்லில் உருண்டு போகிற தண்ணீரைப்போல இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

எதிர்வீட்டில் வசுந்தராவும் அவளுடைய அண்ணன் சௌரிராஜனும் இருந்தார்கள். சௌரிராஜன் சாயப்பட்டறைக்குப் போகிறவர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். வசுந்தரா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவள். வெள்ளைத் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி, இழுத்து, மறுபடி கிள்ளுவாள். சாயத்தில் முக்கி முடிச்சைப் பிரித்தால் கட்டின இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் பூத்திருக்கும். யாரோடு பேசினாலும் அவள் விரல்கள் நிற்பதில்லை.

முத்திருளன் வீட்டுச் சன்னல் விளிம்பில் விரிசல் விட்ட சிமெண்டுத் தொட்டி ஒன்றில் ஒரு செடி இருந்தது. உள்ளங்கை அளவு. தடித்த இலைகள் தாமரைமொட்டுபோல் அடுக்கடுக்காக ஒன்றையொன்று தழுவியிருக்கும். கரும்பச்சை இலை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ரெங்கம்மாள் அதைப் புள்ளிக் கற்றாழை என்று சொன்னாள். அது அவளாக வைத்த பெயர். அது அவள் கைக்கு வந்த விதம் கொஞ்சம் வேடிக்கையானது.

ஒரு வருடம் ஆயுதபூசை முடிந்து, பட்டறை முதலாளி வேன் பிடித்து எல்லோரையும் குடும்பத்தோடு கொடைக்கானல் அனுப்பினார். அங்கே ஒரு பழைய பங்களாவின் வேலியோரம் ரெங்கம்மாள் இந்தச் செடியைப் பார்த்தாள். பெரிய செடி. அதன் காலடியில் கோழிக்குஞ்சுகளைப்போலக் கன்றுகள் ஒண்டியிருந்தன. தோட்டக்காரர் ஒருவர் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுல ஒரு கன்னு குடுங்களேன்."

"கேட்டு வாங்குன செடி வேர் புடிக்காதும்மா. குடுத்த கைக்கும் ஆகாது, வாங்குன கைக்கும் ஆகாது." தோட்டக்காரர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "நான் அங்கிட்டுத் திரும்பிப் பீடி பத்த வைக்கப் போறேன். காத்து பலமா இருக்கு. பத்துறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."

அவர் திரும்பிக்கொண்டார். ரெங்கம்மாள் குனிந்து, ஒரு கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொன்னால் அது கேட்டு வாங்கினதாகிவிடும். முத்திருளன் பக்கத்திலேதான் நின்றான். பள்ளத்தாக்கில் இருந்து மேகம் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது வேனில் அவள் கதையை முழுக்கச் சொன்னாள். அவன் "ம்" கொட்டினான். அந்த "ம்" எல்லாம் மேகத்துக்குக் கொட்டியவை.

ரெங்கம்மாள் அந்தச் செடிக்குச் செய்தது மிகக் குறைவு. எப்போதாவது நினைவு வந்தால் விரல்நுனியில் மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள். புழுதியாக இருந்தால் அரை டம்ளர் தண்ணீர். மற்றபடி அதை மறந்திருப்பாள். அதுவும் மறக்கப்பட்டதில் குறையின்றி இருந்தது. சொல்லப்போனால், அந்த மறதிதான் பராமரிப்பு. இது முத்திருளனுக்குத் தெரியாது.

எண்பத்திரண்டில் மழை ஏமாற்றியது. எண்பத்துமூன்று கோடையில் தெப்பக்குளத்தின் அடிவயிறு வெடித்து, பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். வளவின் அடிபம்பு எத்தனை அடித்தாலும் வெறுமனே இருமியது. ஊரில் ரெங்கம்மாளின் அண்ணன் நல்லகாமன் கிணற்றை ஆழப்படுத்த ஆள் இறக்கியிருந்தார். அத்தனை பேருக்கும் சோறாக்க ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினார். பள்ளிக்கூடமும் லீவு விட்டிருந்தது. ரெங்கம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கிளம்பும்போது சன்னலருகே நின்றாள்.

"வீட்டப் பூட்டுனியா, பூட்டலையான்னு நான் கேக்கப் போறதில்ல. திருடன் வந்தாலும் எடுக்க ஒண்ணுமில்ல. இது ஒண்ண மட்டும் பாத்துக்க. நான் வரையில இது இருக்கணும்."

"இருக்கும்."

"பால் மாதிரி ஆக்கிறாத."

"இருக்கும்னு சொல்றேன்ல."

அவன் குரலில் இருந்த கோபத்தை அவள் புதிதாகப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லாமலே போய்விட்டாள்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு உயிர் அவன் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. முத்திருளன் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மானாவாரிக் காட்டில் வளர்ந்தவனுக்கு ஒரு செடியிடம் அன்பு காட்ட ஒரே ஒரு வழிதான் தெரியும். சின்ன வயதில், வாடின பயிரின் நடுவே அவனுடைய அப்பா வானத்தைப் பார்த்து நிற்பார். அந்த நிற்பு அவன் எலும்புக்குள் இருந்தது. வேலை முடிந்து, பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, நடந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் தன் பங்குக்கு வைத்திருந்த குடிதண்ணீரில் ஒரு செம்பு மொண்டு தொட்டியில் ஊற்றுவான். காலையிலும் ஒரு செம்பு. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் சத்தத்தைக் குனிந்து கேட்பான். ஊரே தவித்துக்கிடக்கையில் தான் குடிக்காமல் இதற்குக் கொடுக்கிறோம் என்பதில் அவனுக்கு ஒரு நிறைவு இருந்தது. அந்த நிறைவை நான் குறைசொல்ல மாட்டேன், புகழவும் மாட்டேன்.

செடி முதலில் பருத்தது, பளபளத்தது. அவனுக்குச் சந்தோஷம். பிறகு இலைகள் கண்ணாடிபோல ஆயின. வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. விடியலில் அதைப் பார்க்க, பச்சைத் தண்ணீரை யாரோ இலையாக மடித்து வைத்தாற்போல் இருந்தது. கனவில் வருகிற செடி. அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு ஒரு இலை சோர்ந்து சரிந்தது. தாகம் என்று நினைத்து இன்னொரு செம்பு ஊற்றினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைத் துடைக்கலாம் என்று செடியைத் தொட்டான். மொத்தமும் கையோடு வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழ். ஒண்டியிருந்த கன்றுகளும் கூழ். அழுகின வெங்காய வாடை.

குப்பைத்தொட்டிக்கு அதை எடுத்துப் போகும்போது எதிர்வீட்டு நிலைப்படியில் வசுந்தரா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கையைப் பார்த்தாள். எப்போதும் நிற்காத அவள் விரல்கள் நின்றன.

"அக்கா செடியா அண்ணே?"

"ஆமா. தண்ணி கொறச்சலா, வெயிலான்னு தெரியல."

அவள் தொட்டியின் பக்கம் பார்த்தாள். அதன் விரிசலில் இருந்து இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு பஸ்ஸில் போகையில் அவனுக்கு அந்தச் செடியின் நினைவாகவே இருந்தது. திருப்பரங்குன்றத்து மலை சன்னலில் மெதுவாகத் திரும்பும். கொடைக்கானல் வேலியோரத்துத் தாய்ச்செடி இந்நேரம் அங்கேயே இருக்கும். அதில் ஒரு துண்டுதான் இங்கே வந்தது. அப்படியானால் இங்கே செத்தது எது? கை ஒன்று வெட்டுப்பட்டால் ஆள் செத்தான் என்று சொல்வோமா? மனிதன் செத்தால் அவன் மாதிரி இன்னொருவன் இல்லை. இதுவோ, எந்த இடத்தில் ஒரு கன்று இருந்தாலும் அது முழுக்க இதுவேதான். வேறு பிள்ளை அல்ல, அதே ஆள். அதே புள்ளி, அதே உடம்பு. எங்கோ ஓரிடத்தில் இருந்தால் எங்குமே சாகவில்லை. இந்த நினைப்பு பட்டறை வாசல் வரை துணைக்கு வரும். ஆனால் ரெங்கம்மாளிடம் போய் இதைச் சொல்ல முடியாது. அவள் கேட்டது, சன்னலில் இருக்கிற செடியை.

"என்ன மாப்ள, செடிக்குக் கருமாதியா?" என்றான் மொக்கையன்.

"அவ வந்து கேப்பாடா. ஒண்ணு சொன்னா, ஒரே ஒண்ணு. அதுவும் என் கையில நிக்கல."

மொக்கையன் இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் எதிர்வீட்டுச் சன்னலுக்குள் விளக்குப் போட்டார்கள். உள்ளே ஒரு பால்பவுடர் டப்பா தெரிந்தது. அதில் கரும்பச்சை இலை, வெள்ளைப் புள்ளி, காலடியில் ஒண்டிய கன்றுகள். முத்திருளன் முற்றத்தைக் கடந்து போனதுகூடத் தெரியாமல் போய் நின்றான்.

"தங்கச்சி, இது எங்க வீட்டுச் செடில்ல?"

வசுந்தராவின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "இல்லண்ணே. இது பரமக்குடியில எங்க அத்தை வீட்டுல இருந்து வந்தது."

"அப்படியே எங்க செடி கணக்கா இருக்கு."

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும்ல."

இதற்கு மேல் எப்படிக் கேட்பது? பரமக்குடிச் செடியில் கன்று கேட்க அவனுக்கு என்ன உரிமை? திரும்பி வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டான். எதிர்வீட்டில் அண்ணனும் தங்கையும் அவர்கள் பேச்சில் ஏதோ வேகமாகப் பேசினார்கள். அன்றைக்கு அது தண்ணீர்போல் இல்லை. தன்னைப் பற்றியதுபோல் இருந்தது.

மறுநாள் காலை அவன் சன்னல் விளிம்பில் ஒரு பழைய துணி விரித்திருந்தது, அதன்மேல் ஒரு கன்று கிடந்தது. மண் இல்லை. டப்பா இல்லை. வெறும் வேர் இரண்டு காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. செடியை இப்படிக் காயவிட்டால் என்ன ஆகும்? இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினான்.

"தங்கச்சி! உங்க கன்னு எங்க சன்னல்ல கெடக்கு. பூன இழுத்துட்டு வந்துருச்சு போல. சீக்கிரம் நடுங்க, வாடிரும்."

வசுந்தரா அவனையே பார்த்தாள். அவன் கை நீட்டியபடி நின்றான். பிறகு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாளும் கிடந்தது. அடுத்த நாளும் ஏந்திக்கொண்டு போனான். இம்முறை குரலில் கண்டிப்பும் இருந்தது. "தங்கச்சி, பூனைய ஒரு கண்ணு பாத்துக்கங்க. உசுரு பாருங்க." பக்கத்து வீட்டு ராதாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வசுந்தரா கன்றை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சௌரிராஜன் வந்து நிலைப்படியில் பக்கத்தில் உட்கார்ந்தார். நகத்தில் அன்றைக்கு நீலம்.

"முத்திருளா, நீ நெசமாவே வெள்ளந்தியா, இல்ல எங்கள வச்சு வேடிக்கை பாக்குறியா?"

"என்னண்ணே?"

"அந்தக் கன்னு தானா நடந்து வந்து உன் சன்னல்ல ஏறிக்கிச்சாக்கும்?"

"பூன..."

"பூன துணி விரிச்சு, அதுல பதமா படுக்க வைக்குமா? ஏப்பா, கையில குடுத்தா வேர் புடிக்காதுன்னுதான் அவ வச்சிட்டுத் திரும்பிக்கிட்டா. நீ அத ஊரக் கூட்டிக் கொண்டுவந்து அவ கையிலயே குடுக்குற. ரெண்டு நாளா அவ எங்கிட்டச் சண்ட போடுறா, போய் அந்த மனுசன்ட்டச் சொல்லுன்னு."

"பரமக்குடின்னாங்களே?"

"பின்ன உன் வீட்டுதுன்னு சொல்லுவாளா? சொன்னா அது கேட்டு வாங்குனதா ஆயிருமே. உன் வீட்டுக்காரி ஒரு கன்ன எங்க சன்னல்ல வச்சிட்டு, அந்த அடிபம்புகிட்ட முதுகக் காட்டி நின்னா பாரு, அப்ப வந்தது அது. கொடம் ரொம்பி வழியுது, அவ திரும்பவே இல்ல. நீ இங்கனதான் உக்காந்திருந்த."

முத்திருளனுக்கு எங்கோ ஒரு வேன் நினைவுக்கு வந்தது. மேகம், பீடி, காற்று. அவள் சொல்லச் சொல்லத் தான் கேட்காதது.

"இனிமே வைப்பாங்களா அண்ணே?"

"வைப்பா. நீ வாயத் தொறக்காம இரு. எடுத்த ஒடனே நட்டுறாத. பிரிச்ச எடத்துல காயம் இருக்கும், அது காயணும். சாயம் போட்ட சேலைய வெயில்லயா காயப்போடுறோம்? நெழல்ல, காத்துல. அதுக்குத் துணி விரிச்சு வச்சா, நீ வாடிப்போச்சுன்னு ஒப்பாரி வைக்குற." எழுந்தவர் திரும்பினார். "நட்ட பொறவும் தண்ணிய மட்டும் காட்டாத. அதக் கொன்னதே தண்ணிதான்."

அன்றிரவு முத்திருளன் நெடுநேரம் அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் கன்று துணியில் கிடந்தது. எதிர்வீட்டு வாசலில் வசுந்தரா தன் வீட்டுக்குள் பார்த்து உட்கார்ந்து, முதுகை அவன் பக்கம் காட்டி, தேவைக்கு அதிகமான கவனத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கன்றை எடுத்தான். நன்றி என்று ஒரு சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினான். அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாக இறங்கியது.

காயம் காயும் வரை அவன் பொறுத்திருந்தான். அந்த இடம் மெல்லத் தோல் கட்டியது. தொட்டியின் பழைய மண்ணைக் கொட்டி, ஆற்றுமணல் கலந்து நட்டான். அதன் பிறகுதான் கஷ்டம். ஒவ்வொரு சாயங்காலமும் கை தன்னால் செம்புக்குப் போகும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு செடியின் முன் நிற்பான். பார்த்துக்கொண்டே ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். யோசித்தால், அவன் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்துவந்திருக்கிறான். ஆனால் அப்போதெல்லாம் அது தானாக நேர்ந்தது. இப்போது செய்ய வேண்டியிருந்தது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் ரெங்கம்மாள் வந்தாள். கிணற்றில் ஊற்றுக் கண்டது, கையளவுதான் என்றாள். பையை வைத்துவிட்டு நேரே சன்னலுக்குப் போனாள். பெரிய தொட்டியின் நடுவில் அந்தச் சின்னக் கன்று.

"சுருங்கிப்போச்சா?"

"செத்துப்போச்சு. தண்ணி ஊத்தி நாந்தான் கொன்னேன். இது வேற." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "இல்ல, அதேதான்."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல."

ரெங்கம்மாள் எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் விரலால் மண்ணைத் தொட்டாள். புழுதியாக இருந்தது. கன்றை லேசாக அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை, வேர் பிடித்திருந்தது. "ம்" என்றாள். அவன் அதற்கு மேல் எதிர்பார்த்தான் போலிருக்கிறது. கிடைக்கவில்லை. பால் அவள் பொறுப்பிலேயே இருந்தது.

ஆவணியில் ஒரு சாயங்காலம் வானம் கறுத்தது. யாரும் நம்பவில்லை. முதல் துளி முற்றத்தில் புழுதியைக் கிளப்பி விழுந்தது. பிறகு மொத்தமாக இறங்கியது. வளவே வெளியே வந்துவிட்டது. குடம், சட்டி, அண்டா எல்லாம் முற்றத்தில். வசுந்தரா சேலையை நனையக் கொடுத்து நின்றாள். சௌரிராஜன் சட்டையில்லாமல் கை விரித்து நின்றார். அவர் விரல்களில் இருந்து நீலம் ஒழுகியது. மகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்த ரெங்கம்மாள் ஒரு காட்சியைப் பார்த்தாள். ஊரெல்லாம் மழைக்கு ஓடி வருகையில், அவள் புருஷன் ஒருவன் மட்டும் மழைக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தான். சன்னல் விளிம்பில் இருந்த தொட்டியை நெஞ்சோடு அணைத்து, குனிந்து, முதுகால் மழையைத் தடுத்தபடி வீட்டுக்குள் வந்தான். முதுகு முழுக்க நனைந்திருந்தது. மண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"ஒரு வருசமா வானத்த அண்ணாந்து பாத்த ஆளு. வந்த மழைக்கு இப்படிப் பயந்து ஓடியாறியே."

"எனக்கு வேணும். இதுக்கு ஆகாது."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு வாசற்படியில் இறங்கினாள். மழைக்குள் இருந்து திரும்பாமலே சொன்னாள்.

"ஸ்டவ்வுல பால் இருக்கு. நான் நனைஞ்சிட்டு வாரேன்."

முத்திருளன் தொட்டியை மூலையில் வைத்தான். தலையைத் துவட்டிக்கொள்ளவில்லை. ஸ்டவ்வின் முன்னால் குந்தினான். வெளியே மழையும் அவனுக்குப் புரியாத பாஷையும் கலந்து கேட்டன. பால் மெல்ல விளிம்புக்கு ஏறியது. நுரை சட்டிக்கு மேல் எழுந்து குடைபோல் நின்றது. அழகாகத்தான் இருந்தது.

கரித்துணியால் பிடித்து இறக்கி வைத்தான்.